கை ஆயுதமா?



இந்தப் பேச்சுக்கான அழைப்பிதழைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தச் சுங்கைப்பட்டாணியிலேயே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "வாத்தியாருக்கு வயசாயிடுச்சு, பகடை உருட்டுற பிள்ளைகளோட சேர்ந்துட்டாரு" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சேர்ந்துவிட்டது உண்மைதான். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ஒரே ஒரு கேள்வி. கை ஆயுதமா? ஐந்தே எழுத்து. இந்த ஐந்து எழுத்துக்காக என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கிய சண்டை, பன்னிரண்டு மணிக்கும் ஓயவில்லை. ஐந்து பையன்கள், ஒரு பெண். மேசை நிறையத் தாள்கள், பென்சில், பல முகப் பகடைகள். தங்கை இரண்டாம் முறை தேநீர் கலக்கிக் கொண்டுவந்தபோது அவளுடைய மகன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "மாமா, நீங்க சிலம்பம் ஆடுனவருதானே? நீங்களே சொல்லுங்க. கை ஆயுதமா, இல்லையா?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், ஆட்டம் என்ன என்று பெரியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார், தீர்ப்பும் அவரே சொல்வார். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவன் சொல்வான். உடைந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டையும் தெருக்கூத்தும் ஒரே மேடையில் ஏறியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை உங்கள் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள்.

அன்றைய சண்டை இதுதான். ஒருவனுடைய பாத்திரம் பலடின் என்னும் புனித வீரன். சிறையில் கிடக்கிறான். வாளைப் பிடுங்கிவிட்டார்கள். காவலாளி கதவைத் திறந்தான். இவன் ஓங்கி ஒரு குத்து விட்டான். பகடையும் நன்றாக விழுந்தது. "குத்தோடு சேர்த்துத் தெய்வ ஒளியையும் பாய்ச்சுகிறேன்" என்றான். அந்த வரம் பலடினுக்கு உண்டு. வாளால் வெட்டும்போது பாய்ச்சலாம். வெறுங்கையால் குத்தும்போது பாய்ச்சலாமா?

புத்தகத்தை எடுத்தார்கள். 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் தாக்குதல்கள் எல்லாம் இரண்டே பெட்டியில் அடக்கம். ஒன்று மந்திரத் தாக்குதல். மற்றது ஆயுதத் தாக்குதல். குத்து மந்திரமில்லை. ஆகவே அது ஆயுதத் தாக்குதல் என்ற பெட்டியில் விழுகிறது. சரி, அப்படியானால் கை ஆயுதமா? ஆயுதப் பட்டியலைப் பார்த்தால், முதல் அச்சில் வெறுங்கை அடியும் கத்தி, கதை, ஈட்டியோடு வரிசையில் நிற்கிறது! பிறகு வந்த திருத்தத்தில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயரை எடுத்தார்கள், பெட்டியை மாற்றவில்லை. விளைவு என்ன? ஆயுதமல்லாத கை, ஆயுதத் தாக்குதல் செய்கிறது! இதைப் படித்துவிட்டு ஆறு பிள்ளைகள் சண்டை போடாமல் என்ன செய்வார்கள்?

இன்னும் கேளுங்கள். துறவி என்று ஒரு பாத்திரம் உண்டு. அவனுக்கு எதிரியைத் திகைக்கவைக்கும் அடி ஒன்று தெரியும். அதற்கும் இதே ஆயுதத் தாக்குதல் என்ற சொல்தான். அங்கே வெறுங்கை செல்லும். பலடினுக்கோ செல்லாது என்று அந்தப் பதிப்பின் விதிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த ஜெரமி கிராஃபோர்ட் சொன்னார். காரணம், பலடினுடைய வரத்தில் "ஆயுதத்தின் சேதத்தோடு சேர்த்து" என்ற பொருளில் ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. ஆயுதமே இல்லாதபோது ஆயுதத்தின் சேதம் எங்கிருந்து வரும்? ஒரே தொடர், இரண்டு தீர்ப்பு. வக்கீல்கள் தோற்றுப்போவார்கள்!

அன்றிரவு நான் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. இந்த வழக்கை நான் எங்கோ ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. விடியும் நேரத்தில் ஞாபகம் வந்தது.

பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். லயத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் ஒரு திடல். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அங்கே பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏறும். காலையில் பால்மரம் வெட்டிய கைகள் இரவில் கம்பு பிடிக்கும். கம்பு என்றால் பிரம்பு. தரையில் ஊன்றினால் ஆடுகிறவனுடைய நெற்றியைத் தொட வேண்டும். ஆளுக்கு ஆள் நீளம் வேறு. அடுத்தவன் கம்பை எடுத்து ஆடினால் ஆசான் திட்டுவார்.

அலங்கார ஆட்டம் வேறு, தொடுமுறை வேறு. கூட்டம் கூடுவது தொடுமுறைக்குத்தான். கம்பின் இரண்டு நுனியிலும் துணி சுற்றி, கொட்டாங்குச்சியில் கரைத்து வைத்த ஈரச் சுண்ணாம்பில் தோய்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஆசான் முன்னால் போய் நிற்க வேண்டும். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, உடம்பில் விழுந்த பொட்டுகளை அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். முழங்காலுக்குக் கீழே விழுந்தால் கணக்கில்லை. விரலில் பட்டால் கணக்கில்லை.

ஒருநாள் இரவு. எனக்குப் பதினொரு வயது இருக்கும். இரண்டு அண்ணன்கள் ஆடினார்கள். ஒருவருடைய கம்பு தெறித்து வட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது. எல்லாரும் முடிந்தது என்று நினைத்தோம். அவரோ பின்வாங்கவில்லை. உள்ளே பாய்ந்தார். எதிரியின் கம்பு நுனியை வலது கையால் அப்படியே பற்றித் தள்ளிவிட்டு, அதே உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினார். எதிரி மல்லாந்து விழுந்தார். எழுந்து நின்றபோது அவர் கறுத்த நெஞ்சில் ஐந்து விரலும் தெரிய வெள்ளையாக ஒரு கை. சுண்ணாம்புக் கை!

பொட்டு விழுந்துவிட்டது. ஆனால் கம்பு போட்ட பொட்டா? இல்லை. கை போட்ட பொட்டு. கையில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? எதிரியின் கம்பிலிருந்தே வந்தது. இது கணக்கில் சேருமா, சேராதா? ஒரு பக்கம் "சேரும்" என்று கூச்சல். மறுபக்கம் "ஆயுதம் போனவன் தோத்தவன்" என்று கூச்சல். கள்ளுக்கடையிலிருந்து வந்த சிலர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள்.

ஆசான் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தரம் வெற்றிலையைத் துப்பினார். பிறகு கேட்டார்: "இது என்ன ஆட்டம்?" ஒருவரும் பேசவில்லை. "கம்பாட்டம். கம்பு வச்ச பொட்டைத்தான் எண்ணுவேன். இந்தக் கையை எண்ண மாட்டேன்." சேராது என்ற பக்கம் கைதட்டியது. அவர் விடவில்லை. "ஆனா, கம்பு விழுந்தவன் தோத்தான்னு நான் எப்படா சொன்னேன்? கம்பு இல்லாதவன் தப்பிக்கிறதுக்குத்தானே குத்துவரிசை சொல்லிக்குடுத்தேன். அவன் தப்பிச்சிட்டான். போய் கம்பை எடுத்துட்டு வா. ஆட்டம் இருக்கு."

ஒரு நெஞ்சில் விழுந்த ஒரே கைக்கு அவர் இரண்டு பதில் சொன்னார். பொட்டுக் கணக்குக்கு வரும்போது கை ஆயுதமில்லை. ஆட்டத்தில் உயிரோடு இருப்பதற்கு வரும்போது கை செல்லும். கை ஆயுதமா என்ற கேள்வியை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவே இல்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். விலை கொடுத்து வாங்கிய புத்தகம் அவரிடம் கிடையாது. எழுதப் படிக்கவும் தெரியாது.

அவையோரே! இது பிள்ளைகள் விளையாட்டு என்று தள்ளிவிடலாமா? நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 323ஆம் பிரிவு காயம் உண்டாக்குவதைப் பற்றியது. ஓராண்டு வரை சிறை. அடுத்த பிரிவு, 324, அதே காயத்தை ஆபத்தான ஆயுதத்தால் உண்டாக்குவது. பத்தாண்டு வரை போகலாம். கன்னத்தில் விட்ட குத்துக்கும் கட்டையால் விட்ட அடிக்கும் இடையே அத்தனை தூரம். அப்படியானால் கடித்தால்? சிரிக்காதீர்கள். விரலைக் கடித்துத் துண்டாக்கிய வழக்கு ஒன்று இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. மனிதனுடைய பல் இந்தியச் சட்டப் பிரிவு சொல்லும் ஆபத்தான ஆயுதத்தில் சேராது என்று 2004இல் தீர்ப்பு வந்தது. விரல் போனது போனதுதான். ஆனாலும் பல் ஆயுதமில்லை! ஆயுதப் பட்டியலிலிருந்து வெறுங்கையை எடுத்தார்களே, அதே வேலைதான் இது. மேசையில் பிள்ளைகள் கேட்ட கேள்வியைத்தான் அங்கே நீதிபதிகளும் கேட்டார்கள்.

பாராங் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அது இல்லாத வீடு உண்டா? செடி வெட்ட, விறகு பிளக்க, தேங்காய் உரிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதே கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இரவில் பட்டணத்துக் கடைவீதியில் நின்றால்? 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதம் மூன்றையும் பற்றிய சட்டம். தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம். கத்தி மாறவில்லை. இடமும் காரணமும் மாறின.

நம் மொழியையே பாருங்களேன். படை என்றால் ஆயுதம். படை என்றால் சேனை. 1946, 47இல் இதே பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்ததே, அதில் இருப்பது எந்தப் படை? கள்ளுக்கடைக்கு எதிராக எழுந்த தோட்டத்துப் பிள்ளைகளின் படை. அந்தப் பெயரைக் கேட்டவுடன் துரைமார் காதில் ஆயுதம் என்று விழுந்ததா, ஆள் கூட்டம் என்று விழுந்ததா? இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இன்று விட்டுவிடுகிறேன்.

மேசைக்குத் திரும்புவோம். மறு சனிக்கிழமை நான் போய் உட்கார்ந்தேன். ஆசான் கதையைச் சொன்னேன். பிறகு அவர்கள் புத்தகத்தை வாங்கி, நம் கம்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். இருக்கிறது! விலை இரண்டு வெள்ளிக்காசு. எடை நான்கு பவுண்டு. ஒரு கையால் அடித்தால் ஆறு முகப் பகடை, இரண்டு கையால் அடித்தால் எட்டு முகப் பகடை. அவ்வளவுதான். நெடுந்தூரம் எட்டும் ஆயுதங்கள் என்று தனியாக ஒரு தகுதி கொடுத்திருக்கிறார்கள். சாட்டைக்கும் நீண்ட ஈட்டிக்கும் அது உண்டு. நம் கம்புக்கு இல்லை! எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டேய், நெற்றியளவு கம்பை நுனி பிடித்து வீசினால் எவன் கிட்ட வருவான்? எழுதினவன் ஒரு நாள் சிலம்பம் பார்த்திருக்கானா?"

அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண், பாடாங் செராய்ப் பிள்ளை, அமைதியாகப் பதில் சொன்னாள். "அங்கிள், கம்புக்கு எல்லாத்தையும் கொடுத்துட்டா, இரண்டு காசு கொடுத்து எல்லாரும் கம்பையே வாங்கிடுவாங்க. அப்புறம் ஈட்டியை யார் வாங்குவா?"

வாயடைத்துப் போனேன். அவள் சொன்னது சரி. அந்த விதி, கம்பு எவ்வளவு தூரம் எட்டும் என்ற கேள்விக்குப் பதிலாக எழுதியதில்லை. மேசையில் இருக்கும் ஆறு பேரில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆயுதத்தை எடுக்கக் காரணம் வேண்டுமே, அதற்காக எழுதியது. 1974இல் வந்த முதல் புத்தகத்தில் எந்த ஆயுதத்தால் அடித்தாலும் ஆறு முகப் பகடை ஒன்றுதான். குறுங்கத்தியும் அதே, இரண்டு கையால் தூக்கும் பெருவாளும் அதே. ஆயுதத்துக்கு ஆயுதம் சேதம் மாறியது அடுத்த ஆண்டு வந்த கிரேஹாக் என்ற துணைநூலில்தான். பிறகு வந்த பதிப்பில் சண்டையில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் நம் பிள்ளைகள் கம்பை எத்தனை சுற்றுச் சுற்றுவார்கள்! அத்தனைக்கும் ஒரே ஒரு பகடை. அந்தப் பகடை ஒரு வீச்சைக் காட்டுவதே இல்லை. அந்த நிமிடம் யாருக்குச் சாதகமாகப் போனது என்று மட்டும் சொல்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கோபப்பட்டால் கோபம்தான் மிச்சம்.

ஆனாலும் ஒன்றில் நான் ஜெயித்தேன். கம்பின் அடிநுனியாலும் திருப்பி ஓர் அடி அடிக்கலாம் என்று பிள்ளைகளுடைய அந்த 2014 புத்தகத்தில் ஒரு தனித்திறன் இருக்கிறது. நான்கு முகப் பகடை. "இதுதான் நம் ஆட்டம், எழுதிக்கோ" என்றேன். தங்கை மகன் எழுதிக்கொண்டான்.

வெறுங்கைக்கு விதி எழுதுவது ஏன் இத்தனை கஷ்டம்? கைகாக்ஸே முயன்று பார்த்தார். 1979இல் ஆட்டம் நடத்துவோருக்காக அவர் எழுதிய பெரிய நூலில் குத்துவது, கட்டிப்பிடிப்பது, மேலே விழுந்து அமுக்குவது மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை போட்டார். வாளால் ஓர் உயிரை எடுப்பதைவிட ஒருவன் மூக்கில் குத்துவதற்கு அதிகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஆடியவர்கள் பலர் அந்தப் பக்கத்தையே புரட்டாமல் விட்டார்கள். காரணம் எளிது. வாள் ஒன்றே ஒன்றைச் செய்யும். கை அப்படியா? குத்தும், பிடிக்கும், தள்ளும், முறுக்கும், கம்பைப் பறிக்கும், சில நேரம் தூக்கியும் விடும். நம் மலாய்ச் சகோதரர்களின் சீலாட் போட்டியில் கை அடிக்கு ஒரு புள்ளி, கால் அடிக்கு இரண்டு, சாய்த்தால் மூன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். அது புத்திசாலித்தனம். கைக்கு ஒரே விலை போடாமல் அது செய்யும் வேலைக்கு விலை போட்டார்கள். 2024இல் வந்த புதிய புத்தகத்தில் இந்த ஆட்டக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். வெறுங்கை அடி என்றால் மூன்றில் ஒன்று: காயப்படுத்து, பிடி, தள்ளு. பலடினுடைய தெய்வ ஒளிக்கும் சொல்லை மாற்றி, ஆயுதத்தாலோ வெறுங்கையாலோ என்று எழுதிவிட்டார்கள். பத்தாண்டுச் சண்டை தீர்ந்தது!

தீர்ந்ததா? எழுதிய விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றால் துரியோதனன் தொடை ஏன் உடைந்தது? கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த விதி. பீமன் அடித்தான். இருவருக்கும் கதாயுதப் போர் சொல்லிக்கொடுத்த ஆசான் பலராமர் அங்கேயே இருந்தார். கலப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கண்ணன் குறுக்கே விழுந்து வாதாடினான். பீமன் சபையில் செய்த சபதத்தைச் சொன்னான், கௌரவர் முன்பு செய்த அநீதியைச் சொன்னான். விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவரை விதி வக்கீல் என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, முதல் விதி வக்கீல் கண்ணன்தான்! பலராமருக்கு மனம் ஒப்பவில்லை. போய்விட்டார். நம் தோட்டத்துக் கூத்தில் இந்த இடம் வந்தால் பாதித் திடல் பீமன் பக்கம், பாதித் திடல் பலராமர் பக்கம். நான் இன்றும் பலராமர் பக்கம். ஆட்டம் தொடங்கும் முன்பு ஒப்புக்கொண்ட விதியை, அடி விழுந்த பிறகு மாற்றக் கூடாது. மாற்ற வேண்டும் என்றால் அடுத்த ஆட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொன்னேன். அந்தச் சிறைக்கூடத்தில் பலடினுடைய குத்துக்கு ஒளி கிடையாது. நீங்கள் கையில் வைத்திருந்தது 2014ஆம் ஆண்டுப் புத்தகம், அதில் அந்த வரம் ஆயுதத்துக்குத்தான். ஆனால் குத்து விழுந்தது விழுந்ததுதான். காவலாளி தடுமாறினான், சாவி கீழே விழுந்தது என்று கதை போகட்டும். கம்பு இல்லாதவன் தப்பிக்கத்தானே கை. அவன் தப்பித்தான்.

இப்போது அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஐம்பது காசுப் பள்ளிக்கூட நோட்டு. மலேசிய எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் நம் பக்கத்துக் கடல், ஆறு, தீவுகளை வைத்து "ஆயிரமாயிரம் தீவுகள்" என்ற வரிசையில் இந்த வகை ஆட்டங்களுக்கு உலகம் படைத்தார்களே, அதைப் பார்த்த உற்சாகத்தில் இவர்கள் கடாரத்தை, அதாவது நம் பழைய கெடாவை, எடுத்துக்கொண்டார்கள். இராசேந்திர சோழன் படையெடுத்த 1025ஆம் ஆண்டு. பூஜாங் பள்ளத்தாக்கில் கதை. ஆயுதப் பட்டியலை நான் பார்த்தேன். மான்கொம்பு இருக்கிறது, சுருள்வாள் இருக்கிறது. கடைசி வரியில் பென்சிலால் "காண்டாக் கட்டை" என்று எழுதியிருக்கிறது. பால் வாளிகளை இருபக்கமும் மாட்டித் தோளில் தூக்கி வருவோமே, அதேதான். சோழன் காலத்தில் ரப்பர் ஏதடா என்று கேட்டேன். "மாமா, தாத்தா தூக்கினது அது. அது இல்லாம கெடாவா?" என்றான் தங்கை மகன். பக்கத்தில் நான்கு முகப் பகடையைப் போட்டு அடித்துவிட்டு, ஆறு முகம் என்று திருத்தியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "புத்தகத்திலேயே சொல்லியிருக்கு, மேசைக் கால் தடி மாதிரின்னா தடியாவே எடுத்துக்கலாம்னு. இது கம்பு மாதிரி" என்றான். நான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் குத்துவரிசைக்கு ஒதுக்கிய பக்கம் காலியாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்லிவிட்டேன். என் ஆசானும் இல்லை, அந்தத் திடலும் இல்லை. அங்கே இப்போது தாமான் வீடுகள். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், குரூண் என்று தோட்டத்துக்குத் தோட்டம் வட்டம் வேறு, கணக்கு வேறு. அதையெல்லாம் எழுதி வைத்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

ஆகவே இந்த மண்டபத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் பக்கத்து வீட்டில், கம்பு பிடித்த ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இன்னும் இருந்தால், இந்த வாரமே அவரிடம் போய் உட்காருங்கள். எங்கே பட்டால் பொட்டு, எங்கே பட்டால் இல்லை என்று கேளுங்கள். கம்பு கையை விட்டுப் போனால் அவருடைய ஆசான் என்ன தீர்ப்புச் சொல்வார் என்று கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அடுத்த கூட்டத்துக்கு என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது.